பண்டைச் சமுதாயமும் நாணயத்தின் வருகையும்

நாணயம் என்னும் சொல்லுக்குத் தமிழிலே இரண்டு பொருள்கள் உண்டு. ஒன்று, அரச முத்திரை பொறித்த காசு. மற்றையது, சொன்ன சொல் தவறாத நேர்மை. ‘அவர் நாணயமான மனிதர்’ என்று நாம் ஒருவரைப் போற்றும்போது அவருடைய பணப்பையை நினைத்துக் கூறுவதில்லை. அவரை நம்பலாம் என்பதையே கூறுகின்றோம். உலோகத் துண்டொன்றுக்கும் மனிதப் பண்பொன்றுக்கும் ஒரே பெயர் வழங்குவது எவ்வாறு பொருந்துகின்றது என்பதை, காசே இல்லாத சமுதாயங்களுக்குக் காசு வந்து சேர்ந்த வரலாற்றை ஆராயும்போது நாம் நன்கு உணரலாம்.

இன்று காசின்றி ஒரு நாளையேனும் கழிக்க இயலாது என்று எண்ணுகின்றோம். ஆயினும் மனித நாகரிகத்தின் மிகப் பெரிய சாதனைகள் பல, காசு தோன்றுவதற்கு முன்னரே நிகழ்ந்துவிட்டன. எகிப்தியர் கூர்ங்கோபுரங்களை எழுப்பிய காலத்திலும், சிந்துவெளி மக்கள் மொகஞ்சதாரோவிலே செங்கல் வீதிகளை அமைத்த காலத்திலும் நாணயம் என ஒன்று இருந்ததில்லை. ஆதலின், காசில்லாத சமுதாயத்தை அறியாமை மிக்க சமுதாயம் என்று கொள்ளுதல் தவறாகும்.

காசின்றி வாழ்ந்த முறை

எகிப்தியர் எவ்வாறு வாணிபம் செய்தனர் என்பதை முதலிற் பார்ப்போம். அவர்களிடம் ‘தெபன்’ என்னும் நிறையளவு ஒன்று இருந்தது. அது ஏறக்குறைய 91 கிராம் எடையுள்ளது. ஒருவன் மாடு ஒன்றை வாங்க விரும்பினால், அம்மாட்டின் பெறுமதி இத்தனை தெபன் செம்பு என்று முதலில் தீர்மானிப்பார்கள். பின்னர் துணி, எண்ணெய், தானியம், பாத்திரம் என்று அவன் கொடுக்கும் பொருள்களையும் தெபனிலே மதிப்பிட்டு இரண்டையும் சரிக்கட்டுவார்கள். செம்பு கைமாற வேண்டும் என்ற அவசியமில்லை. அளவுகோல் மனத்திலே இருந்தது, கைமாறியது பண்டமே.

அரசனுக்கு வேலை செய்தோர் கூலியைத் தானியமாகப் பெற்றனர். அரசர்களின் கல்லறைகளைக் குடைந்த தொழிலாளருக்குத் தானியம் வந்து சேரத் தாமதமானபோது, மூன்றாம் இராம்சேயின் 29ஆம் ஆட்சியாண்டில், ஏறக்குறைய கி.மு. 1157இல், அவர்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கோயில் வாயிலிலே சென்று அமர்ந்தனர். உலக வரலாற்றிலே பதிவான முதல் வேலைநிறுத்தம் இதுவே என்பர். அவர்கள் ‘சம்பளம் எங்கே?’ என்று கேட்கவில்லை, ‘சோறு எங்கே?’ என்றே கேட்டனர். காசில்லாத சமுதாயத்திலே கூலியும் உணவும் ஒன்றாகவே இருந்தன.

எமது பழந்தமிழகத்து நிலையும் இதனின்று அதிகம் வேறுபட்டதன்று. சங்கப் பாடல்களிலே உமணர் என்னும் உப்பு வணிகர் வண்டிகளில் உப்பை ஏற்றி உள்நாட்டூர்களுக்குச் செல்கின்றனர். நெல்லுக்கு உப்பு என்று அவர் வீட்டுப் பெண்கள் தெருவிலே விலை கூறுகின்றனர். பொருநராற்றுப்படை கூறும் காட்சி இன்னும் சுவையானது. தேனும் கிழங்கும் கொண்டு வந்தவர் மீன் நெய்யும் கள்ளும் பெற்றுச் செல்கின்றனர்; கரும்பும் அவலும் கொண்டு வந்தவர் மான் தசையும் கள்ளும் பெற்றுச் செல்கின்றனர். குறிஞ்சி நிலத்தார் தம்மிடம் மிகுந்ததை நெய்தல் நிலத்தாரிடம் கொடுத்துத் தமக்கு இல்லாததைப் பெற்றனர். திணைகள் ஒன்றையொன்று சார்ந்து வாழ்ந்தன.

இம்முறைக்கு ஒரு வலிமையும் ஒரு குறையும் இருந்தன. கொடுப்பவனும் கொள்பவனும் ஒருவரையொருவர் அறிந்திருந்தமை அதன் வலிமை. ஊர் அறிந்த ஒருவன் அளவிற் குறைத்தால் மறுநாள் அவனிடம் எவரும் வாங்கமாட்டார். அறியாத ஒருவனோடு, தொலைவிலுள்ள ஒருவனோடு வாணிபம் செய்வது கடினமாயிருந்தமை அதன் குறை. இக்குறையை நீக்கவே நாணயம் பிறந்தது எனலாம்.

நாணயத்தின் பிறப்பு

இன்றைய துருக்கி நாட்டின் மேற்குப் பகுதியிலே முன்பு இலீடியா என்னும் இராச்சியம் இருந்தது. கி.மு. ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே அங்குதான் முதன்முதலாக நாணயம் அடிக்கப்பட்டது. அந்நாட்டு ஆற்று மணலிலே பொன்னும் வெள்ளியும் இயற்கையாகவே கலந்த உலோகம் கிடைத்தது. அதனை ஒரே நிறையுள்ள சிறு கட்டிகளாக்கி, சிங்கத்தலை முத்திரையைப் பொறித்தனர். 1904ஆம், 1905ஆம் ஆண்டுகளில் எபேசு நகரத்து ஆர்த்தெமிசுக் கோயிலின் அடித்தளத்தை அகழ்ந்தபோது இத்தகைய பழங்காசுகள் பல வெளிப்பட்டன. மிகப் பழைய நாணயங்கள் ஒரு தெய்வத்தின் ஆலயத்திலே காணிக்கைப் பொருளாகக் கிடைத்தமை எமது கவனத்துக்குரியது.

அம்முத்திரை செய்த வேலை என்ன? அதற்கு முன்னர் வெள்ளியோ பொன்னோ வாங்கும் ஒவ்வொருவனும் அதனை உரைத்து மாற்றுப் பார்க்கவும், தராசில் இட்டு நிறுக்கவும் வேண்டியிருந்தது. ‘நீ நிறுக்க வேண்டாம், நான் நிறுத்துவிட்டேன். நீ உரைக்க வேண்டாம். நான் உரைத்துவிட்டேன்’ என்று அரசன் கொடுத்த வாக்கே அம்முத்திரை. குரோசசு என்னும் இலீடிய மன்னன் கி.மு. ஆறாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே பொன்னையும் வெள்ளியையும் தனித்தனியே பிரித்து நாணயமாக்கினான். அவனுடைய நாட்டைப் பாரசீகர் வென்ற பின்னரும் அவ்வழக்கம் அழியவில்லை. கிரேக்க நகரங்கள் ஒவ்வொன்றும் தத்தம் சின்னத்தோடு காசடிக்கத் தொடங்கின. ஆதென்சு நகரத்து ஆந்தைக் காசு கடல் கடந்து பல நாடுகளிலே மதிக்கப்பட்டது.

வட இந்தியாவிலே இதற்கு வேறான ஒரு முறை வளர்ந்தது. மகத, கோசல முதலிய நாடுகளிலே வெள்ளித் தகட்டைத் துண்டுகளாக வெட்டி, நிறையைச் சரிபார்த்து, சூரியன், யானை, மரம், குன்று போன்ற சின்னங்களை ஒவ்வொன்றாகக் குத்தினர். இவற்றையே நாம் முத்திரை குத்திய காசுகள் என்கின்றோம். கார்ஷாபணம் எனப்பட்ட இக்காசின் நிறை 32 குன்றிமணி, ஏறக்குறைய 3.4 கிராம். பாளியிலே இது ககாபணம் எனப்பட்டது. காசடிக்கும் சாலைக்கு ஒரு தலைவனும், காசைச் சோதிப்பதற்கு ஓர் அதிகாரியும் வேண்டும் என்று கௌடிலியரின் அர்த்தசாத்திரம் விதிக்கின்றது.

எகிப்திலே நுழைந்த விதம்

காசை அறியாத மக்கள் அதனை எளிதில் ஏற்றுக்கொண்டனரா? இல்லை. கிரேக்க நகரங்களோடு நெடுங்காலம் வாணிபம் செய்தும் எகிப்தியர் தமக்கெனக் காசடிக்கவில்லை. வந்த வெள்ளிக் காசுகளை வெட்டியும் உருக்கியும் வெறும் வெள்ளியாகவே நிறுத்து வழங்கினர். கி.மு. நாலாம் நூற்றாண்டிலே பாரசீகரை எதிர்ப்பதற்குக் கிரேக்கக் கூலிப்படைகள் அவர்களுக்குத் தேவைப்பட்டன. அப்படைவீரர் தானியத்தைச் சம்பளமாக ஏற்பார்களா? ஆதலின் தாகோசு என்னும் மன்னன் பொற்காசு அடிக்க நேர்ந்தது. நாணயம் அங்கு முதலில் படைவீரனின் சம்பளமாகவே நுழைந்தது.

கி.மு. 332இல் அலெக்சாந்தர் எகிப்தைக் கைப்பற்றினான். அவனுக்குப் பின்னர் ஆண்ட தொலமி வம்சத்தார் நாணயத்தைக் கிராமங்கள் வரை கொண்டு சென்றனர். அதற்கு அவர்கள் கையாண்ட வழி வரி. இரண்டாம் தொலமி காலத்து உப்பு வரியை ஆணும் பெண்ணும் காசாகவே செலுத்த வேண்டும். தொடக்கத்தில் ஆணுக்கு ஒன்றரைத் திராக்மாவும் பெண்ணுக்கு ஒரு திராக்மாவும் விதிக்கப்பட்டன. எழுத்தறிவிக்கும் ஆசிரியர்களுக்கு இவ்வரியிலிருந்து விலக்களித்தனர் என்பதை எமது ஆசிரியப் பெருமக்கள் அறிந்து மகிழ்வார்களாக! நெல்லை ஒத்த தானிய வரி முன்போலவே தானியமாக நின்றது. ஆயினும் உப்பு வரிக்காக ஒவ்வொரு குடியானவனும் ஆண்டில் சில நாளாவது காசைத் தேட வேண்டியவனானான். தன் விளைவைச் சந்தையிலே விற்றான். அல்லது கூலிக்குப் போனான். அல்லது கடன் வாங்கினான். காசு ஒரு வசதியாக மட்டும் வரவில்லை. கட்டாயமாகவும் வந்தது என்பதை இவ்வரலாறு எமக்கு உணர்த்துகின்றது.

தமிழகத்துக்கு வந்த வழி

தமிழகத்திலோ காசு பெரும்பாலும் வணிகனின் பொதியிலேயே வந்தது. வடக்கிலிருந்து முத்திரை குத்திய காசுகள் முதலில் வந்தன. போடிநாயக்கனூரிலே கிடைத்த இவ்வகைக் காசுகளின் பின்புறத்திலே பாண்டியரின் கயற் சின்னம் காணப்படுகின்றது. வடநாட்டு முறையை ஏற்றுத் தம் சின்னத்தை அதிலே பொறித்துக்கொண்டனர் போலும். மதுரைக்கு அண்மையிலுள்ள மாங்குளத்துக் குகைக் கல்வெட்டிலே வெள்ளறை என்னும் ஊரின் ‘நிகமம்’, அதாவது வணிகக் குழு, குறிக்கப்படுகின்றது. கூட்டாக வாணிபம் செய்தோர் இருந்த இடத்திலே காசுக்கும் இடம் இருந்தது.

பின்னர் யவனர் வந்தனர். பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய அவர்தம் மரக்கலங்களை அகநானூறு முசிறித் துறையிலே எமக்குக் காட்டுகின்றது. கி.பி. முதலாம் நூற்றாண்டிலே எழுந்த ‘பெரிப்புளூசு’ என்னும் கிரேக்கக் கடல்வழி நூல், முசிறி முதலிய துறைகளுக்குக் கொண்டு செல்லவேண்டியவற்றுள் முதன்மையாக ஏராளமான காசையே குறிப்பிடுகின்றது. ஆண்டுதோறும் 5 கோடி செசுதர்சு இந்தியாவுக்குச் சென்றுவிடுகின்றதே என்று உரோம அறிஞர் பிளினி வருந்தி எழுதினார். கோயம்புத்தூர், கரூர்ப் பகுதிகளிலே புதையல்களாகக் கிடைத்த வெள்ளிக் காசுகளுள் மிகுதியானவை அகத்தசு, திபேரியசு என்னும் இரு பேரரசர்களுடையவை. கி.பி. 64இல் நீரோ மன்னன் வெள்ளிக் காசின் நிறையையும் தூய்மையையும் குறைத்தான். அதற்குப் பின்வந்த வெள்ளிக் காசுகள் இங்கு மிக அருகியே காணப்படுகின்றன. பழைய காசு நல்லது, புதிய காசு தரங்குறைந்தது என்பதை எமது வணிகர் கண்டுகொண்டனர் என்றே கொள்ளவேண்டும். பேரரசனின் முகத்தைப் பார்த்து மயங்காமல் வெள்ளியின் தரத்தைப் பார்த்த மக்கள் அவர்.

ஆயினும் தமிழர் காசைக் காசாகவே வழங்கினரா என்றால், முழுவதும் அவ்வாறன்று. புதுக்கோட்டைப் பகுதியில் 1898இல் கிடைத்த 501 உரோமப் பொற்காசுகளிலே பெரும்பாலானவற்றில் அரசனின் தலைமீது உளியால் வெட்டிய தழும்பு உள்ளது. அவை இனிக் காசாக வழங்கக்கூடாது, வெறும் பொன்னே என்பதற்கு அடையாளமாக வெட்டினர் என்று அறிஞர் சிலர் கருதுவர். வேறு பல காசுகள் துளையிடப்பட்டு அணிகலமாயின. கிளியின் வாயிலுள்ள வேப்பம்பழத்தை, நூலிலே கோப்பதற்காகப் பொற்கொல்லன் விரலிடையே பிடித்த பொற்காசுக்கு உவமித்தார் குறுந்தொகைப் புலவராகிய அள்ளூர் நன்முல்லையார். காசு அவர் கண்ணுக்குச் சந்தையிலே தோன்றவில்லை. பெண்ணின் கழுத்தணியிலே தோன்றியது. எமது தாய்மார் இன்றும் போற்றும் காசுமாலைக்கு ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுப் பழமை உண்டு எனலாம்.

பெரும் பெறுமதியை நிறையாலேயே குறிப்பதும் தொடர்ந்தது. மாதவியின் மாலைக்கு 1008 கழஞ்சு பொன் விலை என்கின்றது சிலப்பதிகாரம். குன்றிமணி இரண்டு ஒரு மஞ்சாடி. மஞ்சாடி இருபது ஒரு கழஞ்சு. செடியிலே விளைந்த விதைகளே பொன்னுக்கு நிறைகல்லாயின.

காலப்போக்கிலே தமிழ் மன்னரும் காசடித்தனர். பெருவழுதி என்னும் பாண்டியனின் பெயரும் குதிரை உருவமும் பொறித்த செப்புக் காசும், மாக்கோதை, குட்டுவன்கோதை என்னும் சேரர் பெயர்கள் பொறித்த வெள்ளிக் காசுகளும் கிடைத்துள்ளன. சேரர் காசிலுள்ள தலையுருவம் உரோமக் காசை நினைவூட்டுகின்றது; எழுத்தோ தமிழ்ப் பிராமி. பிறரிடம் கற்றதைத் தம்மொழியிலே எழுதிக்கொண்டனர் எம் முன்னோர்.

ஈழத்திலே காசு

எமது ஈழநாட்டின் கதை இதனோடு இணைந்தது. யாழ்ப்பாணத்துக் கந்தரோடையிலே போல் பீரிசு அவர்கள் 1917ஆம் ஆண்டளவிலே நடத்திய ஆய்வுகளால் முத்திரை குத்திய காசுகளும் உரோமக் காசுகளும் வெளிப்பட்டன. இலக்குமி உருவம் பொறித்த தகட்டுக் காசுகள் தீவின் பல பகுதிகளிலும் கிடைத்துள்ளன. தெற்கே திசமகாராமைக்கு அருகிலுள்ள அக்குறுகொடையிலே கிடைத்த சிறு காசுகள் சிலவற்றில் உதிரன் போன்ற பெயர்கள் தமிழ்ப் பிராமியிலே காணப்படுகின்றன. அரசர் மட்டுமன்றி வணிகரும் தத்தம் பெயரிலே காசு வெளியிட்டனர் என்பதற்கு இவை சான்றாகும்.

பிளினி கூறும் ஒரு வரலாறு ஈண்டு குறிப்பிடத்தக்கது. செங்கடற்பகுதி வரியைக் குத்தகை எடுத்திருந்த அன்னியசு பிளோக்காமசு என்பவரின் விடுதலையடிமை ஒருவன் அரேபியாவைச் சுற்றிக் கடற்பயணம் செய்தான். காற்றினால் அடித்துச் செல்லப்பட்டுப் பதினைந்தாம் நாள் இலங்கைத் துறையொன்றை அடைந்தான். இங்கிருந்த மன்னன் அவனை ஆறு மாதம் உபசரித்தான். அவனிடமிருந்த வெள்ளிக் காசுகளை மன்னன் பார்வையிட்டபோது, அவற்றின் உருவங்கள் வெவ்வேறு அரசர்களுடையவையாக இருந்தும் நிறை மட்டும் ஒன்றாகவே இருந்ததைக் கண்டு வியந்தான். அரசர் மாறியும் அளவு மாறவில்லையே, இம்மக்கள் நேர்மையுள்ளவர் என்று மதித்து, உரோமப் பேரரசன் குளோடியசிடம் நான்கு தூதரை அனுப்பினான். ஒரு நாட்டின் பண்பை அந்நாட்டுக் காசின் நிறையிலே கண்டான் அம்மன்னன். நாணயம் என்னும் சொல்லின் இரு பொருளும் ஒன்றாகிய இடம் இதுவன்றோ!

கி.பி. நாலாம், ஐந்தாம் நூற்றாண்டுகளிலே உரோமச் செப்புச் சில்லறை இத்தீவிலே மிகுதியாகப் பரவியது. அதுவும் போதாமையால் அதைப் போன்ற காசுகளை இங்குள்ளோரே வார்த்துக்கொண்டனர். பொன்னும் வெள்ளியும் செல்வரின் காசுகள். சிறு செப்புக் காசு வந்த பின்னரே நாணயம் சந்தையிலே காய்கறி வாங்குவோன் கைக்கு வந்தது. ஆயினும் அக்காலத்திலும் நெல் தன் இடத்தை இழக்கவில்லை. நாலாம் நூற்றாண்டுத் தோணிகலைக் கல்வெட்டு, வணிகக் குழுவொன்றிடம் முதலாக வைக்கப்பட்ட தானியத்தைக் கூறுகின்றது. முதலைத் தொடாமல், அதன் வட்டியால் மழைக்காலத்திலே பிக்குகளுக்கு உணவளிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. நெல்லே முதல், நெல்லே வட்டி. எமது பாட்டன்மார் காலத்திலும் அரிவு வெட்டியவருக்கும் ஊர்த்தொழிலாளருக்கும் களத்திலே நெல்லளந்து கொடுத்ததை முதியோர் அறிவர். காசு வந்தவுடன் பண்டமாற்று மறைந்துவிடவில்லை. இரண்டும் நெடுங்காலம் அருகருகே வாழ்ந்தன.

காசும் வாசியும்

காசு மக்களிடையே நன்கு வேரூன்றிய நிலையை எமது சமய வரலாற்றிலே தெளிவாகக் காணலாம். ஏழாம் நூற்றாண்டிலே திருவீழிமிழலையிலே பஞ்சம் வந்தபோது, திருஞானசம்பந்தருக்கும் திருநாவுக்கரசருக்கும் இறைவன் நாள்தோறும் ஒவ்வொரு காசு படியாக அருளினார் என்கின்றது பெரியபுராணம். அடியார்களுக்கு அமுதளிக்க அக்காசுகள் உதவின. கைத்தொண்டு புரிந்த நாவுக்கரசருக்குக் கிடைத்த காசு நற்காசு. சம்பந்தருக்குக் கிடைத்த காசுக்கோ வாசி, அதாவது வட்டம், கொடுத்தே கடைக்காரர் பண்டம் கொடுத்தனர். அதனால் சம்பந்தர் திருமடத்திலே அமுது தாமதமாயிற்று. காரணம் அறிந்த பிள்ளையார் பதிகம் பாடி வாசியில்லாக் காசு பெற்றார். சுந்தரமூர்த்தி நாயனாரும் முதுகுன்றத்திலே பெற்ற 12,000 பொன்னை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தபோது, முன்னர் எடுத்து வைத்த மாதிரித் துண்டோடு உரைத்து மாற்றுப் பார்த்தார்.

இவ்வரலாறுகளை நாம் பக்தியோடு கேட்டு வருகின்றோம். வரலாற்றுக் கண்ணோடும் ஒருமுறை நோக்குவோம். இறைவன் கொடுத்த காசே ஆயினும் கடைவீதியிலே அது உரைத்துப் பார்க்கப்பட்டது. பஞ்ச காலத்திலே குறைந்த காசினால் தாமதமானது அடியாரின் உணவு. எகிப்தியத் தொழிலாளர் கோயில் வாயிலிலே கேட்டதும் உணவே. காசின் தரம் குறையும்போது அதன் பாரம் இறுதியில் வறியவன் வயிற்றிலேதான் விழுகின்றது. கைத்தொண்டு செய்தவருக்கு வாசியில்லாக் காசு கிடைத்தது என்று சேக்கிழார் பெருமான் அமைத்த நுட்பம், உழைப்பே நாணயத்தின் உண்மையான பின்பலம் என்பதை எமக்கு உணர்த்துவதாகக் கொள்ளலாம்.

பண்டமாற்றுக் காலத்திலே மனிதன் தன் அயலவனை நம்பினான். காசு வந்த பின்னர் தான் கண்டறியாத அரசனின் முத்திரையை நம்பினான். கடுதாசி நோட்டை வழங்கும் நாமோ அதில் அச்சிட்ட வாக்கை மட்டுமே நம்புகின்றோம். பொருள் மெலியமெலிய நம்பிக்கையின் பாரம் கூடியே வந்துள்ளது. ஒரு சங்கத்தின் கணக்கேடு ஆயினும், ஒரு நாட்டின் திறைசேரி ஆயினும் நம்பிக்கை கெட்டால் அதன் காசு வெறும் தகடே, கடுதாசியே.

எமது மன்றத்து இளைஞர்கள் நாளை வணிகராகவும் உத்தியோகத்தராகவும் கோயில் அறங்காவலராகவும் பொறுப்பேற்கவிருப்பவர்கள். பிறர் பணம் அவர்கள் கையால் எண்ணப்படும். வெவ்வேறு அரசர் முகம் தாங்கியும் நிறை மாறாத காசுகளைக் கண்டு ஈழமன்னன் ஒருவன் வியந்ததை அவர்கள் மறவாதிருப்பார்களாக. பதவிக்கு வருவோர் மாறலாம், நிறை மாறலாகாது. வாசி தீர்ந்த காசாக நாம் வாழ்வதற்கு எல்லாம் வல்ல இறைவன் திருவருள் துணைபுரிவதாக.